எண்பது பாத்தி அகலம்

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். எதிரே உப்பளம். செல்போனில் சிக்னல் ஒரு கோடு, காற்றடித்தால் அதுவும் போய்விடும். வீட்டுக் கணினியில் நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் உப்பளப் படங்களில் ஒன்று அவசரமாக வேண்டும். வண்ண ஜன்னல்களும் குட்டிப் படங்களுமாக இருக்கும் திரையை அந்தச் சிக்னலில் இழுத்து வருவது நடக்காத காரியம். டெர்மினல் வரும். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் அந்தப் பழைய முறைக்கு இழையளவு இணைப்பு போதும்.

எல்.எஸ். என்று இரண்டே எழுத்துக் கட்டளை. அடித்ததும் 1,412 பெயர்கள் சரசரவென்று மேலே ஓடின. கடைசி இருபத்துச் சொச்சம் வரி மட்டும் திரையில் நின்றது. 1,412 பெயர்களும் சேர்ந்து ஒரு சிறிய புகைப்படத்தின் எடைகூட வராது. அதனால்தான் அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னலிலும் வந்து சேர்ந்தன. ஆனால் நான் தேடிய பெயர் மேலே எங்கேயோ போய்விட்டது.

பெரிய பட்டியல், சின்னத் திரை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு சங்கடத்தைப் பற்றித்தான்.

டெர்மினல் திரையை உப்பளம் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரே அளவுப் பாத்திகள், வரிசை வரிசையாக. ஒரு பாத்தியில் ஓர் எழுத்து. குறுக்கே 80, நெடுக்கே 24, ஆக 1,920 பாத்தி. இந்த 80 எங்கிருந்து வந்தது? ஐ.பி.எம். நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அதே நிறுவனத்தின் திரைக் கருவிகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. 1978-இல் வந்த வி.டி.100 என்ற டெர்மினல் 80-க்கு 24 என்பதை உலக வழக்கமாக்கிவிட்டது. இன்று உங்கள் மடிக்கணினியில் திறக்கும் டெர்மினல் ஜன்னல் பெரும்பாலும் அதே அளவில் திறப்பதற்குக் காரணம், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தப் பெட்டிதான்.

திரைக்கு முன்னால் இருந்தது காகிதம். டெலிடைப் 33 என்ற இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், வரிக்கு 72 எழுத்து. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது இதன் முன்னால்தான். 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே எல்.எஸ். இருக்கிறது. நொடிக்குப் பத்து எழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்தும் காசு. கட்டளைகளின் பெயர்கள் மெய்யெழுத்தாகக் கடித்துத் துப்பப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். காகிதத்தில் மேலே போவது கீழே போவது என்ற பேச்சே கிடையாது. அடித்தது அடித்ததுதான். பட்டியலில் ஓரிடம் வேண்டுமென்றால் காகிதச் சுருளைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து ஒரு சின்னச் சோம்பேறித்தனம் இன்றும் நம்முடன் வாழ்கிறது. கோப்புகளை வைக்கும் ஒவ்வோர் அடைவுக்குள்ளும், அதைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும், அதன் மேலடைவைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் பெயர்களாக இருக்கும். இந்த இரண்டும் பட்டியலில் வரக் கூடாது என்று எல்.எஸ்.-இல் ஒரு சோதனை வைத்தார்கள். சுருக்கமாக வைத்தார்கள்: பெயரின் முதல் எழுத்து புள்ளியா? ஆமென்றால் தாண்டு. விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் கண்ணுக்கு மறைந்தன. கோப்பை ஒளித்துவைக்க இது வசதி என்று நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று உங்கள் வீட்டு அடைவில் டஜன் கணக்கில் மறைகோப்புகள் கிடப்பது இந்தக் குறுக்குவழியால்தான் என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார். திட்டமிட்டுச் செய்த வசதி என்றுதான் பலரும் இன்னும் நம்புகிறார்கள்.

சரி, திரைக்கு வருவோம். புதுச்சேரிப் பேருந்தில் கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து மரக்காணத்தைக் கடந்திருக்கிறீர்களா? பாத்திகள் வருகின்றன, போகின்றன. ஜன்னல் ஒரே அளவுதான். எந்த நேரத்திலும் நான்கைந்து வரிசைதான் கண்ணில் படும். கோப்புப் பட்டியலைக் காட்டும் நிரலும் அப்படித்தான். 1,412 பெயர்களும் அதன் நினைவகத்தில் இருக்கும். திரையில் 22 மட்டும். இதை நடத்த அதற்கு நான்கு எண்கள் போதும்: மொத்தம் எத்தனை, ஜன்னலின் உயரம் எத்தனை வரி, ஜன்னலின் முதல் வரியில் நிற்பது எத்தனையாவது பெயர், நாம் கை வைத்திருப்பது எத்தனையாவது பெயர்.

நூறாவது பெயர் முதல் வரியில் இருக்கிறது என்று கொள்வோம். உயரம் 22. ஆக 100 முதல் 121 வரை தெரியும். கை 121-இல். கீழ் அம்பை அழுத்துகிறோம். கை 122-க்குப் போக வேண்டும், ஆனால் அது ஜன்னலுக்கு வெளியே. நிரல் கணக்குப் போடுகிறது: 122-இல் 22-ஐக் கழி, 1-ஐக் கூட்டு, 101. ஜன்னலை 101-இல் நிறுத்து. முடிந்தது. மேலே போகும்போது இதைவிட எளிது: கை ஜன்னலின் முதல் வரியையும் தாண்டிவிட்டால், ஜன்னலைக் கையிருக்கும் இடத்துக்கே தூக்கு. உலகத்தின் எல்லாக் கோப்பு உலாவிகளுக்குள்ளும், உங்கள் செல்போனின் தொடர்பு எண் பட்டியலுக்குள்ளும், இந்தக் கழித்தல் கூட்டல் ஏதோ ஓர் உருவில் ஒளிந்திருக்கிறது. 1-ஐக் கூட்ட மறந்தால் கை ஒரு வரி தள்ளி நிற்கும்; புது நிரலாளர்கள் அனைவரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு.

அழகு அதற்கடுத்து இருக்கிறது. கை ஒரு வரி நகர்ந்ததும் திரை முழுவதையும் மறுபடி வரைய வேண்டுமா? நொடிக்கு 30 எழுத்து அனுப்பும் தொலைபேசி இணைப்பில் 1,920 பாத்தியை நிரப்ப 64 நொடி ஆகும். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு நிமிடம் காத்திருக்க யாரால் முடியும்? பெர்க்கிலியில் கென் அர்னால்ட் எழுதிய கர்சஸ் என்ற நிரல் தொகுப்பு ஒரு வழி செய்தது. திரையில் இப்போது என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு படி, என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு படி. இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய பாத்திகளை மட்டும் அனுப்பு. கை நகர்ந்தால் மாறுவது இரண்டே வரி: பழைய வரியின் நிறம் அணைய வேண்டும், புதிய வரியின் நிறம் எரிய வேண்டும். ஜன்னலே நகர்ந்தால், இருக்கிற வரிகளை நீயே ஒரு படி ஏற்றிக்கொள் என்று டெர்மினலிடம் சொல்லிவிட்டு, கீழே புதிதாக வந்த ஒரே வரியை அனுப்பலாம். டீக்கடை பெஞ்சில் எனக்கு வேலை நடந்ததும் இந்தக் கஞ்சத்தனத்தால்தான்.

அம்பு விசை என்ன அனுப்புகிறது என்று ஒருநாள் பார்த்தேன். கீழ் அம்புக்கு மூன்று பைட்: 27, 91, 66. இதில் 27 என்பது எஸ்கேப் விசையின் எண். இங்கேதான் ஒரு வேடிக்கை. 27 வந்ததும் நிரல் குழம்புகிறது: ஆள் எஸ்கேப்பை அழுத்தினாரா, அல்லது அம்பின் முதல் துண்டா? கொஞ்சம் காத்திருந்து பார்த்தால்தான் தெரியும். கர்சஸின் இன்றைய வடிவம், வேறு உத்தரவு இல்லாவிட்டால், ஒரு முழு நொடி காத்திருக்கும். சில நிரல்களில் எஸ்கேப்பை அழுத்திவிட்டு ஒரு கணம் ‘தொங்கிப்போச்சோ’ என்று நினைத்திருப்பீர்கள். அது இந்தத் தயக்கம்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் புது விசை நெறி ஒன்றைக் கிட்டி என்ற தன் டெர்மினலுக்காக எழுதியவர் கோவித் கோயல் என்ற இந்தியர். மின்னூல் படிப்பவர்கள் பயன்படுத்தும் காலிபரும் அவர் எழுதியதே. கோப்பு உலாவிகளில் என்.என்.என். என்ற மிகச் சிறிய ஒன்றை எழுதிய அருண் பிரகாஷ் ஜனாவும் நம்மவர். இந்த உலகத்தில் இந்தியர்கள் வெறும் பயனாளிகள் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த அன்று சாயங்காலம் உப்பளத்துக்குள் போனேன். வாருபலகையால் உப்பை இழுத்துக் கரைசேர்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன்.

“எத்தினியாவது பாத்தின்னு எண்ணிக்கினே வருவீங்களாக்கா?”

“எண்றதெல்லாம் இல்ல தம்பி. அதோ அந்தக் கல்லு தெரியுதில்ல, அதுலேர்ந்து மூணாவது. வரப்பு உடைஞ்சி ரெண்டு பாத்தி ஒண்ணாயிட்டாகூட கல்லு அங்கயேதான கெடக்கும்?”

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் ஒரு கோப்பு உலாவியில் (பெயர் வேண்டாம்) ஒரு மங்கலான படத்தின் மேல் கை வைத்து நீக்கு விசையை அழுத்தப் போனேன். அதே கணம் வேறொரு நிரல் அந்த அடைவுக்குள் பத்துப் பதினைந்து புதுக் கோப்புகளைக் கொட்டியது. உலாவி பட்டியலைப் புதுப்பித்தது. ‘57-ஆவது’ என்று அது நினைவில் வைத்திருந்த இடத்தில் இப்போது வேறு படம். அழிந்தது கழுவெளியில் பூநாரைகள் இறங்கிய படம். கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சமயத்தில் எடுத்தது. நல்ல நிரல், கையை எண்ணில் கட்டாது, பெயரில் கட்டும். பட்டியல் மாறியதும் அதே பெயர் இப்போது எங்கே என்று தேடி அங்கே கையைக் கொண்டுபோய் வைக்கும். பெயரே இல்லாமல் போயிருந்தால் மட்டும் பக்கத்துப் பெயருக்கு நகரும். மரக்காணத்து அம்மாவுக்குத் தெரிந்த ‘கல்லு’ அந்த நிரலாளருக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலப் பெயர்களுக்குச் சரி. ஒரு கோப்புக்கு ‘மரக்காணம்’ என்று பெயர் வைத்துப் பாருங்கள். நிஜமான கதை அங்கே தொடங்குகிறது.

இந்தச் சொல்லின் நீளம் என்ன? பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்ணினால் ம, ர, க், கா, ண, ம் என்று ஆறு. யூனிகோடு எண்ணினால் ஒன்பது, ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகள். வட்டில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக இருபத்தேழு. டெர்மினலில் எத்தனை பாத்தி பிடிக்கும் என்று பழைய அகல அட்டவணையைக் கேட்டால் ஏழு. ஒரே சொல்லுக்கு 6, 9, 27, 7. ஆங்கிலத்தில் இந்த நான்கு எண்களும் எப்போதும் ஒன்றாகவே இருந்ததால், இவை நான்கு வேறு விஷயங்கள் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

27-ஐப் பாருங்கள். 1979-இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் கோப்பின் பெயர் 14 பைட்டைத் தாண்டக் கூடாது. ‘உப்பு’ என்று எழுத இன்று 15 பைட் வேண்டும். மரக்காணத்தின் விளைபொருளுக்கே அதில் இடமில்லை. இன்றைய லினக்ஸில் உச்சவரம்பு 255 பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து, தமிழுக்கு 85 குறி. அகராதி நீளத்தில் பெயர் வைக்கும் அரசு அலுவலகக் கோப்புகளுக்கு இது காணாது. மொழி அமைப்பு ஏதும் சொல்லப்படாத கணினியில் எல்.எஸ். அடித்தால் ‘ம’ என்ற ஓர் எழுத்துக்கு \340\256\256 என்று வரும். எல்.எஸ்.-இன் பழைய பதிப்புகளில் மரக்காணம் என்பது 27 கேள்விக்குறிகள்.

அகல அட்டவணை இன்னும் விசித்திரம். மார்க்கஸ் குன் என்பவர் எழுதி உலகமெல்லாம் பரவிய அந்த அட்டவணை, எழுத்தின் மேலே உட்காரும் குறிக்கு அகலம் பூஜ்யம், பக்கத்தில் நிற்கும் குறிக்கு அகலம் ஒன்று என்று பிரிக்கிறது. பிரிப்பது அவர் விருப்பப்படி இல்லை, யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் கொடுத்திருக்கும் வகைப்படி. புள்ளி மேலே, சரி. கால் பக்கத்தில், சரி. ஆனால் யூனிகோடு நெடில் ‘ஈ’யின் சுழியை மேலே உள்ளது என்றும், குறில் ‘இ’யின் சுழியைப் பக்கத்தில் உள்ளது என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே அட்டவணைப்படி ‘மீன்’ இரண்டு பாத்தி, ‘மின்’ மூன்று பாத்தி. நெடிலைவிடக் குறில் அகலம்! தொல்காப்பியர் கேட்டால் சிரிப்பார்.

இதில் வருத்தம் என்னவென்றால், நம்மவர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தபோது அவருக்கும் இதே பாத்திதான் சிக்கல்: ஒரு விசை, ஒரு நகர்வு. தமிழ்த் தட்டச்சில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், வண்டி நகராது. பிறகு ‘க’ அடித்தால் அதே இடத்தில் விழும், வண்டி ஒரு படி நகரும். தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நகரா விசை என்றால் உடனே விரல் துடிக்கும். பூஜ்ய அகலம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை. கொம்பும் அப்படியே: கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடோ ஒலியின் வரிசையில், எழுத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும் சேமிக்கிறது. டெர்மினல் பாத்தி பாத்தியாக வரைந்துகொண்டே போனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. ‘கெ’ என்பது க-வும் அநாதைக் கொம்புமாக நிற்கிறது. எம்.எல்.டெர்ம் போன்ற சில டெர்மினல்கள் இதைச் சேர்த்து வரையக் கற்றுக்கொண்டிருக்கின்றன. பல இன்னும் கற்கவில்லை.

மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பழைய கல்வெட்டுகளில் புள்ளியைப் பெரும்பாலும் செதுக்கவே மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் விட மாட்டார்கள். படிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். கணினியிடம் அந்த நம்பிக்கை செல்லாது.

ஏன் இத்தனை அகலக் கவலை? உலாவி ஒரு கோப்பின் பெயரை எழுதி, அடுத்த பத்தியில் அளவும் தேதியும் எழுதி, நடுவே ஒரு செங்குத்துக் கோடு போடுகிறது. ‘உப்பு’ நான்கு பாத்தி பிடிக்கும் என்று உலாவி கணக்கிட, டெர்மினல் அதை மூன்றில் வரைந்துவிட்டால், கோடு அந்த வரியில் மட்டும் இடப்பக்கம் தள்ளி விழும். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த அடைவில் கோடு முழுக்கப் பல்லிளிக்கும். இருவரில் யார் சரி என்பது முக்கியமே இல்லை. இருவரும் ஒரே அட்டவணையைப் பார்த்திருக்க வேண்டும். வரப்பு நேராக நிற்க இரண்டு பக்கத்துக்காரரும் ஒரே கயிற்றைப் பிடிப்பதுபோல. பெயர் நீளமாகிப் பத்தியில் அடங்காமல் வெட்டும்போது சிக்கல் இன்னும் கூடும். குறியாக எண்ணி வெட்டினால் ‘கல்’ புள்ளியை இழந்து ‘கல’ ஆகிவிடும். பைட்டாக எண்ணி வெட்டினால் ஓர் எழுத்தே பாதியில் அறுந்து, திரையில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும்.

வரிசையும் கெடுகிறது. கரை, கலம், கழி, களம், கறி, கனி. இந்த ஆறும் அகராதியில் வரும் வரிசை இதுதான். பைட் எண்ணைப் பார்த்து அடுக்கும் கணினி கனி, கரை, கறி, கலம், களம், கழி என்று கொடுக்கும். கடைசியில் இருந்த கனி முதலில் வந்துவிட்டது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஒரு வரிசையை ஒட்டித் தமிழுக்கும் இடம் ஒதுக்கியதில், ‘ன’ ‘ந’வுக்குப் பக்கத்திலும் ‘ற’ ‘ர’வுக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருவதால் ‘பாதை’ முன்னே, ‘பாத்தி’ பின்னே. மொழிக்குரிய வரிசை அட்டவணையைக் கணினியிடம் கொடுத்தால் சரியாக அடுக்கும். ஆனால் பல நிரல்கள் கேட்பதே இல்லை.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது ‘கொ’. இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வோடு ‘ஒ’வின் ஒரே குறியாக, அல்லது ‘க’, கொம்பு, கால் என்று பிரித்து. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு சொல்கிறது. லினக்ஸ் கோப்பமைப்புக்கோ பைட் வேறென்றால் பெயர் வேறு. ஆகவே ஒரே அடைவில் ‘கொற்கை’ என்று இரண்டு கோப்புகள், அச்சு அசலாக ஒரே தோற்றத்தில், அடுத்தடுத்து நிற்க முடியும். ஆப்பிளின் பழைய கோப்பமைப்பு எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து கொண்டுவந்த கோப்பைத் தட்டச்சு செய்து தேடினால், கண்ணெதிரே இருப்பதைக் கணினி ‘இல்லை’ என்கிறது. ‘கௌதாரி’ இன்னும் மோசம். கொம்பு போட்டு ‘க’, பிறகு ‘ள’ என்று அடிப்பவர்கள் நம்மில் பலர். அது யூனிகோடின் கணக்கிலேயே வேறு சொல்.

நிரல் எழுதும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிரல் கோப்புப் பட்டியலைக் காட்டுமானால், ஓர் அடைவில் உப்பு, மீன், மின், கொற்கை, கௌதாரி என்று ஐந்து வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, அந்த அடைவை உங்கள் நிரலில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஐந்து வரியிலும் கோடு நேராக நின்றால் எனக்கு எழுதுங்கள். அந்த நிரலை நாளைக்கே என் கணினியில் போட்டுக்கொள்கிறேன்.